“தம்பி, நான் எப்படிக் குந்துவது?”

கொக்குவில்:

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் நடந்ததைச் சொல்கிறேன். 2022 இன் நடுப்பகுதி. இரசாயனப் பசளை இறக்குமதியை முந்தைய ஆண்டு மே மாதத்தில் நிறுத்தியதன் வலி இன்னும் தீரவில்லை. மரக்கறி விலை கேட்டவர்கள் கையை இழுத்துக்கொண்ட காலம். அரசாங்க உத்தியோகத்தர்கள் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்தார்கள். “வளவு உள்ளவனுக்கே லீவும் கிடைக்கிறது” என்று அம்மா சிரித்தார்.

வளவில்லாதவர்களுக்காக எங்கள் பகுதியில் ஒரு தொண்டு அமைப்பு ஆறு மாதப் பயிற்சி தொடங்கியது. பற்றை பிடித்துக் கிடந்த நாலு பரப்பு, அதாவது கால் ஏக்கர்க் காணி, ஒரு கிணறு, பதினைந்து பேர். பாதிப் பேர் கணவனை இழந்தவர்கள், சிலர் போரில் கையோ காலோ இழந்தவர்கள். வந்த நாளுக்குச் சிறு கொடுப்பனவு உண்டு. நான் மாலையில் உதவிக்குப் போவேன்.

முதல் நாள் பாத்தி பிடிக்கக் காட்டிக்கொடுத்தேன். செயற்கைக்கால் போட்ட அக்கா ஒருவர் மண்வெட்டியைத் திருப்பித் தந்துவிட்டு, “தம்பி, நான் எப்படிக் குந்துவது?” என்றார். எங்களிடமிருந்த கையேட்டில் அதற்கு விடை இல்லை. இரண்டு நாள் கழித்து அவரே தம் அண்ணரைக் கூட்டிவந்தார். சீமெந்துக் கற்களின் மேல் பனங்குற்றிகளை அடுக்கி, கதிரையில் இருந்தபடி கை எட்டும் உயரத்துக்கு ஒரு பெட்டி கட்டினார்கள். அடியில் குழை (பச்சை இலைக்கொப்பு), மேலே எரு, அதன்மேல் செம்மண். சிவப்புக்கீரை நாலாம் கிழமை பிடுங்கத் தயார். அடுத்த மாதம் அதுபோல எட்டுப் பெட்டிகள் எழுந்தன. முதுகுவலிக்காரர் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள், நான் உட்பட.

விற்பதில்தான் அடி விழுந்தது. சந்தையில் கத்தரிக்காயை நிறுத்தவுடன், பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோவைக் ‘கழிவு’ என்று கழித்தார்கள். பெரிய தோட்டக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பழகிய வழக்கம் அது. பத்தே கிலோ கொண்டுபோனவருக்கோ அது அன்றைய பஸ் காசு. அக்கா அதன்பிறகு சந்தைக்குப் போகவில்லை. ஒழுங்கை முகப்பில் கீரைக்கட்டுகளை வைத்து விற்றார்.

நாவாந்துறை:

கொக்குவில்காரரே, உங்களுக்கு நல்ல தண்ணீர்க் கிணறு வாய்த்திருக்கிறது. எங்களுக்கும் வேறோர் அமைப்பு தலைக்கு ஐம்பது மிளகாய் நாற்றுத் தந்தது. கிணறு உவர் என்று சொன்னோம். “ஊற்றிப் பாருங்கள்” என்றார்கள். ஊற்றினோம். இலையோரம் கருகி எல்லாம் படுத்துவிட்டன. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் மழை விட்டுப்போகும் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது, அளவுமீறி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நாற்றுக் கொடுக்கும் முன் ஒரு வாய் குடித்துப் பார்த்திருக்கலாம். அரிசி கழுவிய தண்ணீரில் ஒரு முருங்கை மட்டும் தப்பியது. அதன் இலையைத்தான் இப்போதும் சுண்டுகிறோம்.

உரும்பிராய்:

கொக்குவில்காரர் குழை என்றதும் கை அரித்தது, எழுதுகிறேன். 1990களில் போரின்போது அரசாங்கம் வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடையில் யூரியா வரவில்லை. பூவரசங்குழையை வெட்டி வண்டிலில் ஏற்றித் தோட்டத்தில் தாட்டோம். யூரியா திரும்பியதும் மறந்தோம். இன்று இந்தப் பக்கத்துக் கிணறுகளில் உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்று மிகுதி என்கிறார்கள். அது கிடக்கட்டும். அந்தப் பதினைந்து பேரில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது?

கொக்குவில்:

இருவருக்கு. இருவரும் நாற்றுமேடைக்குப் போனார்கள், நாட்கூலிக்கு. கொடுப்பனவு நின்றதும் வேறு சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அடுப்பு எரிய வேண்டுமே. மற்றவர்கள் வீட்டுச் சமையலுக்கு மட்டும் பயிரிட்டார்கள். பிறகு காணிக்காரர் வெளிநாட்டிலிருந்து வந்து காணியை விற்றுவிட்டார். எழுத்தில் எந்த உடன்படிக்கையும் இருக்கவில்லை, அது எங்கள் பிழை. மதில் எழும்புவதற்கு முன் அக்கா ஒரு லாண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) பிடித்து, தம் பனங்குற்றிகளை எண்ணி ஏற்றிக்கொண்டு போனார். மண்ணையும் விடவில்லை, பதினொரு உரப்பை.