2010 டிசம்பர் வரிச் சமரசம்: வேலையிழந்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

குறிப்பேடு:
அமெரிக்காவில் 2010 டிசம்பரில் ஒபாமாவும் குடியரசுக் கட்சியும் செய்துகொண்ட உடன்பாட்டைப் படித்துக்கொண்டிருக்கிறேன். புஷ் கால வரிக்குறைப்பு எல்லோருக்கும் 2 ஆண்டு நீண்டது. வேலையின்மை உதவித்தொகை 13 மாதம் நீண்டது. இரண்டு சந்தேகங்கள். ஒவ்வொருவருக்கும் 13 மாதம் கூடுதலாகப் பணம் வந்ததா? செனட்டில் பெரும்பான்மை இருந்தும் ஜனநாயகக் கட்சி ஏன் பணக்காரர்கள் விஷயத்தில் இறங்கி வந்தது?

வாரக்கணக்கு:
முதல் சந்தேகத்துக்கு: வரவில்லை. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. நீண்டது திட்டத்தின் கெடுதான், ஆளுக்கு உரிய வாரங்கள் அல்ல. மாநிலம் தருவது பொதுவாக 26 வாரம். அதன்பின் மத்திய அரசின் அவசர உதவி நான்கு படிகளாக 20, 14, 13, 6 என்று மொத்தம் 53. கடைசியாக ‘நீட்டிப்பு உதவி’ என்ற தனித் திட்டம், அதிகபட்சம் 20. ஆக 99. வேலையின்மை குறைவான மாநிலங்களில் இதுவும் முழுசாகக் கிடைக்கவில்லை. நவம்பர் 30-ல் அவசர உதவி காலாவதியானதால், ஒரு படியை முடித்தவர் அடுத்த படிக்கு ஏற முடியாமல் நின்றார். அந்தத் தடையைத்தான் சட்டம் நீக்கியது. 99-ஐயும் தாண்டியவர்களுக்கு ஒரு வாரம்கூடச் சேரவில்லை. எனக்கு அது பெரிய அநியாயமாகவே படுகிறது.

இன்னொன்று: நீட்டிப்பு உதவி தொடர, வேலையின்மை முந்தைய 2 ஆண்டுகளைவிட உயர்ந்திருக்க வேண்டும். விகிதம் உச்சத்திலேயே அசையாமல் நின்றால் உதவி நின்றுவிடும்! அதனால் 3 ஆண்டு ஒப்பீட்டுக்கு இடம் கொடுத்தார்கள். ஆனால் மாநிலம் தன் சட்டத்தைத் திருத்தினால்தான் பலன்.

அவைக்குறிப்பு:
இரண்டாவதற்கு: பெரும்பான்மை போதாது, விவாதத்தை முடிக்க 60 வாக்கு வேண்டும். வரிக்குறைப்பை 2,50,000 டாலர் வருமானம் வரை மட்டும் நீட்டிக்கும் ஜனநாயகக் கட்சியின் முயற்சி டிசம்பர் 4-ல் 53-36 என்று நின்றுபோனது. சும்மா இருந்தாலும் ஆபத்து. புஷ் கால வரிக்குறைப்பைத் தந்த 2001, 2003 சட்டங்கள் டிசம்பர் 31-உடன் முடிகின்றன. வருமான வரியின் மேல் விகிதம் 35-லிருந்து 39.6 சதவீதம் ஆவதோடு, அடிமட்ட 10 சதவீதமும் 15 ஆகிவிடும். ஜனவரியில் பிரதிநிதிகள் சபையும் குடியரசுக் கட்சிக்குக் கைமாறுகிறது. பொறுத்திருந்தால் பேரம் இன்னும் மோசமாகியிருக்கும். கடைசியில் உடன்பாடு செனட்டில் 81-19, பிரதிநிதிகள் சபையில் 277-148 என்று நிறைவேறியது. டிசம்பர் 17-ல் கையெழுத்து.

சம்பளச்சீட்டு:
சம்பளப் பிடித்தத்தையும் பாருங்கள். ஊழியரின் சமூகப் பாதுகாப்பு வரி (ஓய்வூதிய நிதிக்காகச் சம்பளத்தில் பிடிப்பது) 2011-க்கு 6.2-லிருந்து 4.2 சதவீதமானது. இந்த வரி விழும் சம்பளத்தின் உச்சவரம்பு 1,06,800 டாலர், ஆகவே அதிகபட்ச லாபம் 2,136. ஆனால் இதற்கு முன் தனிநபருக்கு 400 டாலர் வரை தந்த வரிக்கழிவு காலாவதியாக விடப்பட்டது. 20,000 டாலர் சம்பளத்தில் இரண்டும் சமம். 10,000 வாங்குபவருக்கு 400-க்குப் பதில் 200தான். சமூகப் பாதுகாப்பில் சேராத மாநில, உள்ளாட்சி ஊழியர்களுக்கோ பழையதும் போச்சு, புதியதும் இல்லை.

குறிப்பேடு:
நன்றி. அந்த 2 சதவீதம் ஓய்வூதிய நிதியில் பள்ளமாகவில்லையா?

சம்பளச்சீட்டு:
இல்லை, பொதுக் கருவூலத்திலிருந்து அதே தொகையை நிதிக்கு மாற்றினார்கள். சுமை கடனாகப் போனது. சலுகை 2012 இறுதி வரை நீண்டு நின்றது. 39.6 விகிதம் 2013-ல் திரும்பியபோதும் கோடு 2,50,000-ல் விழவில்லை. தனிநபருக்கு 4,00,000, தம்பதிக்கு 4,50,000.