ஆறு ஒலிம்பிக் போயும் இந்திய லூஜ் வீரர் சிவ கேசவன் 25-ஆவது இடத்தைத் தாண்டாதது ஏன்?

குளிர்விளையாட்டு:
லூஜ் என்பது ஸ்லெட்டில் (சறுக்குவண்டியில்) மல்லாந்து படுத்து, கால் முன்னே நீட்டிப் பனித்தடத்தில் இறங்கும் போட்டி. கேசவனுக்கு 1998 நாகானோவில் 16 வயதில் 28-ஆவது இடம். 2006 டூரினில் 25, அதுதான் அவருடைய சிறந்த ஒலிம்பிக் இடம். 2018 பியாங்சாங்கில் 34. நடுவே 2011-இல் ஆசிய சாம்பியன். இவ்வளவு திறமை இருந்தும் எது தடுத்தது? உடல் வலுவா, ஸ்லெட்டா, பயிற்சியா?

பனித்தடம்:
பயிற்சி, அதிலும் பனியில் இறங்கிய எண்ணிக்கை. அவர் போட்டியிட்ட காலத்தில் ஜெர்மனியில் கோனிக்சே, ஆல்டன்பெர்க், ஓபர்ஹோஃப், வின்டர்பெர்க் என நான்கு செயற்கைத் தடங்கள் இருந்தன. இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. கேசவன் மணாலிப் பக்கத்து மலைச்சாலையில் சக்கர ஸ்லெட்டில் பழகினார். வளைவில் எந்தக் கோட்டில் போவது என்று பழக அது நல்ல வழிதான். ஆனால் சக்கரம் சாலையைப் பிடித்துக்கொள்ளும், எஃகு பனியில் வழுக்கும். இடப்பக்கம் திரும்ப வலது கெண்டைக்காலால் ரன்னரை (ஸ்லெட்டின் அடியில் எஃகு பொருத்திய சறுக்குக் கட்டையை) உள்நோக்கி அழுத்தி, இடது தோளைத் தாழ்த்த வேண்டும். எவ்வளவு அழுத்தினால் பின்பகுதி விலகும் என்பது பனியில் மட்டுமே கைவரும். கூடுதலாக அழுத்தினால் ஸ்லெட் குறுக்கே சறுக்கி வேகம் போய்விடும்.

கைப்பிடி90:
தொடக்கத்தையும் சொல்லுங்கள். இரண்டு கைப்பிடிகளைப் பிடித்து முன்னும் பின்னும் ஆடி ஒரே இழுப்பு, பிறகு ஆணி வைத்த கையுறையால் பனியில் மூன்று நான்கு தள்ளல். அதற்கப்புறம் வேகம் கொடுப்பது புவியீர்ப்பு மட்டும்தான். மேலே குறைந்த வேகம் தடம் முழுக்கத் தொடரும் என்பதால், அங்கே விட்ட நூறில் ஒரு பங்கு வினாடி கீழே வரும்போது பெருகியிருக்கும். நாகானோவில் பெண்கள் தங்கம் நான்கு ஓட்டங்களுக்குப் பிறகு 0.002 வினாடியில்தான் முடிவானது.

எஃகுவிளிம்பு:
ரன்னர் எஃகைக் கடைசியில் வைக்காதீர்கள். சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி மென்மையானதுக்குப் போய், கடைசியில் வைரப் பசையால் மெருகேற்றுவார்கள். கடினமான பனிக்குக் கூரான விளிம்பு வேண்டும், மழுங்கியிருந்தால் வளைவில் பிடிக்காது. இளகிய பனியில் அதே கூர் உள்ளே வெட்டி வேகத்தைத் தின்னும். சூடாக்கி ஏமாற்றவும் முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க நடுவர்கள் வைத்திருக்கும் எஃகைவிட ரன்னரின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் கூடியிருந்தால் தகுதி நீக்கம். பெரிய அணிகளில் இதற்கென்றே தனி ஆட்கள் உண்டு. கேசவனோ பல பருவங்களில் நிலையான பயிற்சியாளர்கூட இல்லாமல் போனவர். என்னைக் கேட்டால் அந்த 25-ஆவது இடமே பெரிய சாதனை.

குளிர்விளையாட்டு:
நன்றி. 2014 சோச்சி பயிற்சியில் ஸ்லெட்டிலிருந்து விழுந்தும் மறுபடி ஏறிக்கொண்டாரே, அது எப்படி?

பனித்தடம்:
ஸ்லெட்டை விடாமல் பிடித்திருந்ததால்தான். கைவிட்டால் அது தடத்தில் மோதித் திரும்பி நம்மையே தாக்கும். போட்டியிலும் ஸ்லெட்டோடு சேர்ந்து முடிவுக்கோட்டைக் கடந்தால்தான் அந்த ஓட்டம் செல்லும்.