பனிப்பாளத்துக்கு 'ஃப்ளோ' என்று பெயர்: மிதப்பதாலா, தட்டையாக இருப்பதாலா?

நீரோட்டம்: கடலில் மிதக்கும் பனிப்பாளத்தை ஆங்கிலத்தில் ஃப்ளோ என்கிறார்கள். நீர் ஓடுவதற்கும் ஃப்ளோதான். உச்சரிப்பு ஒன்றே, கடைசி எழுத்து மட்டும் டபிள்யூவுக்குப் பதில் ஈ. நீரோடு ஓடுவதால் வந்த பெயர். அகராதிகள் இதை நார்வேஜிய மொழிச் சொல் என்கின்றன; இதற்கு நார்வே வரை போவானேன்?

வேர்தோண்டி: காதை நம்பினால் இப்படித்தான். ஓடுகிற ஃப்ளோவின் இந்தோ-ஐரோப்பிய வேர் 'ப்ளெவ்', மிதத்தல். வடமொழியில் தெப்பத்தைக் குறிக்கும் 'ப்லவ'வும் அதிலிருந்துதான். பனி ஃப்ளோ ஆங்கிலத்தில் தலைகாட்டுவதே 1817 வாக்கில். நார்வேஜியத்தில் 'ஃப்ளோ' என்றால் அடுக்கு, பாளம். வேர் 'ப்ளாக்', தட்டை. ஆங்கிலம், நார்வேஜியம் போன்ற ஜெர்மானிய மொழிகளில் முதல் 'ப' ஃப ஆகிவிடும் (லத்தீனில் பாட்டெர், ஆங்கிலத்தில் ஃபாதர்). அதனால் இரண்டு வேரும் ஒரே ஒலியில் வந்து முட்டிக்கொண்டன.

நீரோட்டம்: சரி, ஆனால் இன்றைய நார்வேக்காரர் பனிப்பாளத்தை 'இஸ்ஃப்ளாக்' என்கிறார், டேனியர் 'இஸ்ஃப்ளாகெ' என்று எழுதுகிறார். உங்கள் ஃப்ளோ அங்கே எங்கே?

வேர்தோண்டி: அவையும் அதே குடும்பம்தான். முற்காலக் கடலோடிகள் ஆங்கிலத்தில் 'ஃப்ளேக்' என்றே எழுதினார்கள். இங்கே உயிரெழுத்தைக் கவனியுங்கள். ஸ்காண்டிநேவிய 'ஃப்ளாகா' ஆங்கிலத்துக்கு வந்தபோது பாவுகல்லைக் குறிக்கும் 'ஃப்ளாக்' ஆனது; ஓகாரம் வரவில்லை. ஓகாரத்தோடு ஒரு சொல் வேண்டுமென்றால் நார்வேஜிய ஃப்ளோதான் பொருந்துகிறது. அகராதிகள் 'அநேகமாக' என்று ஒரு சொல் போட்டுத்தான் சொல்கின்றன, அதையும் மறைக்கவில்லை.

மாலுமி: ஒலியை விடுங்கள், பொருளைப் பாருங்கள். உலக வானிலை அமைப்பின் வரையறையில் ஃப்ளோ என்பது 20 மீட்டரோ அதற்கு மேலோ அகலமுள்ள தட்டையான கடற்பனித் துண்டு. அதற்குக் குறைந்தால் ஐஸ் கேக், 10 கிலோமீட்டரைத் தாண்டினால் ராட்சத ஃப்ளோ. ஐஸ்பெர்க்கும்தான் மிதக்கிறது, நீரோட்டத்தோடு போகிறது. அதை யாரும் ஃப்ளோ என்பதில்லை. அது டச்சு 'ஐஸ்பெர்க்', பனிமலை. ஆங்கிலேயர் முன்பாதியைத் தங்கள் சொல்லாக்கி, பின்பாதியை அப்படியே விட்டுவிட்டார்கள். முழுக்கத் தங்கள் சொல்லாக்கியிருந்தால், பெர்க்கின் ஆங்கில உறவான 'பாரோ' வந்திருக்கும். அது இன்று புதைமேடு!

நீரோட்டம்: ஐஸ்பெர்க் வாதம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் 'பனியோட்டம்' என்ற மொழிபெயர்ப்பு தவறு?

வேர்தோண்டி: தவறுதான். காய்ந்த வயல் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது என்கிறோமே, அந்தப் பாளம் போதும்.