‘புற ஊதா’ என்னும் சொல்லைத் தாங்கள் எதிர்கொண்ட அனுபவங்கள்

மொழிபெயர்ப்பாளர் (இழையைத் தொடங்கியவர்):

அறிவியல் கட்டுரைகளைத் தமிழாக்கும் பணியில் சேர்ந்த புதிதில், ‘அல்ட்ரா வயலட்’ என்பதை ‘மிகை ஊதா’ என்று எழுதிக் கொடுத்தேன். ‘அல்ட்ரா’ என்றால் அளவு மிஞ்சியது என்றே அதுவரை எண்ணியிருந்தேன். சரிபார்த்த மூத்தவர் ‘மிகை’யை அடித்துவிட்டுப் ‘புற’ என்று திருத்தி, ஓரத்தில் ‘இது நிறத்தின் பெயரன்று, இடத்தின் பெயர்’ என்று பென்சிலால் குறித்திருந்தார். லத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு ‘அப்பால்’ என்பதே பொருள். 1801-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிவியலாளர் யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர், முப்பட்டகத்தால் பிரிந்து விழுந்த ஒளியில், ஒளி பட்டால் கறுக்கும் சில்வர் குளோரைடை வைத்துப் பார்த்தபோது, ஊதா முடிந்த பிறகு வெறுமையாகத் தோன்றிய இடத்தில்தான் அது மற்ற இடங்களைவிட விரைவாகக் கறுத்தது. ஏறத்தாழ 400 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம் கொண்ட அந்தப் பகுதிக்கு, அது கிடக்கும் திசையை வைத்தே பெயர் வந்தது என்பதை அறிந்த பிறகு, என் ‘மிகை ஊதா’வை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. மற்றவர்களும் இச்சொல்லிடம் தடுக்கி விழுந்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன்.

இயற்பியல் ஆசிரியர்:

என் மாணவர் ஒருவர் தேர்வுத்தாளில் நிறமாலையை அழகாக வரைந்து, சிவப்புப் பட்டையின் உள்ளேயே ஒரு சிறு கட்டம் போட்டு ‘அகச்சிவப்பு’ என்று எழுதியிருந்தார். மதிப்பெண்ணைக் குறைத்ததும், “அகம் என்றால் உள்ளே என்றுதானே ஐயா பொருள்?” என்று கேட்டார், என்னால் உடனே பதில் சொல்ல இயலவில்லை. அகம், புறம் என்ற இணை நம் மரபில் ஊறிய ஒன்று என்பதால் கலைச்சொல்லாக்கத்திலும் அது இயல்பாக வந்து அமர்ந்துவிட்டது போலும். ஆயினும், கண்ணுக்குப் புலப்படும் ஒளியை வைத்துப் பார்த்தால் அகச்சிவப்பும் புறத்தேதான் இருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயரான ‘இன்ஃப்ரா ரெட்’டில் வரும் ‘இன்ஃப்ரா’ என்பதற்குக் ‘கீழே’ என்று பொருள், அதாவது சிவப்பைக் காட்டிலும் அதிர்வெண் குறைந்தது. இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் ‘செந்நிறக்கீழ்’ இந்த இடத்தில் துல்லியமானது. புற ஊதாவுக்கு அங்கு வழங்கும் ‘கழியூதா’ என்ற சொல்லில் மட்டும் எனக்கு ஒரு சிறு தயக்கம் உண்டு. கழிதல் என்றால் கடத்தல் என்பது சரியே; ஆனால் ‘கழிபேருவகை’ என்பதில் வரும் ‘கழி’ மிகுதியைக் குறிக்கும் உரிச்சொல் ஆயிற்றே! மொழிபெயர்ப்பாளரின் ‘மிகை ஊதா’ வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

ஆய்வகப் பணியாளர்:

எங்கள் ஆய்வகத்தின் கிருமிநீக்கப் பெட்டியில் இருந்த விளக்கு இளநீலமாக ஒளிர்ந்ததால், அந்த நீல வெளிச்சமே புற ஊதா என்று நம்பியிருந்தேன். கண்ணுக்கு இதமாகத்தான் இருந்தது. ஒருநாள் கதவைத் திறந்தபடியே, முகக்கவசம் இன்றி, கால் மணி நேரம் போல அதன் எதிரில் நின்று வேலை பார்த்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. இரவில் இரு கண்களிலும் மணலை அள்ளிப் போட்டது போன்ற உறுத்தலும் நீர்வடிதலும் தொடங்கின. பற்றவைப்பு வேலை செய்வோருக்கு நேரும் அதே விழிவெண்படல அழற்சி என்று மருத்துவர் விளக்கினார். பாதரச ஆவியிலிருந்து வரும் 254 நானோமீட்டர் கதிரே கிருமியைக் கொல்கிறது என்பதும், கூடவே கசியும் நீலம் வெறும் உடன்வருகை என்பதும் பிறகுதான் விளங்கின. விளக்கு பழசானாலும் அந்த நீலம் மங்காமல் எரியும், கிருமிநீக்கும் திறன் மட்டும் குறைந்துவிடும். அதனால் எரிந்த மணிக்கணக்கை வைத்தே விளக்கை மாற்றுகிறோம்.

அச்சகத்தில் பணிபுரிபவர்:

எங்கள் தொழிலில் ‘யூவி மை’ என்று சொன்னால் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, புற ஊதா ஒளி பட்டவுடன் இறுகிக் காயும் மை. மற்றொன்று, அந்த ஒளியில் மட்டும் ஒளிர்ந்து காட்டும் பாதுகாப்பு மை. பின்னதைக் கேட்ட வாடிக்கையாளருக்கு முன்னதை அடித்துக் கொடுத்து, முழுவதையும் மறுபடி அச்சிட்டிருக்கிறேன்.

மற்றோர் உறுப்பினர்:

கண்புரைக்காக என் தந்தையாரின் ஒரு கண்ணில் வில்லையை அகற்றியபோது, செயற்கை வில்லை பொருத்தப்படவில்லை. புற ஊதாவை விழித்திரைக்குச் செல்லவிடாமல் பெரும்பாலும் உறிஞ்சிவிடுவது அந்த இயற்கை வில்லைதான். பணத்தாளைச் சரிபார்க்கும் சிறு புற ஊதா விளக்கை ஒருமுறை எரியவிட்டேன். எனக்கு மங்கலாகத் தெரிந்த அதை அவர் மிகவும் பிரகாசமாக இருப்பதாகச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊதாவாகத் தெரிகிறதா என்று கேட்டேன். “ஊதா இல்லையப்பா, பால் கலந்த நீலம் மாதிரி இருக்கிறது” என்றார்.