.308: மானுக்கும் பன்றிக்கும் ஒரே பெட்டித் தோட்டா போதுமா?

ஃபிரிஸ்கோ_புதுசு:
வணக்கம். ஆபீஸ் நண்பர் ஒருத்தர் டெக்சஸ் லானோ பக்கம் ஒரு வேட்டை லீஸில் (குத்தகை நிலம்) பங்கு வச்சிருக்கார், இந்த சீசனுக்கு என்னையும் கூப்பிடறார். வைட்டெயில் மான், பன்றி ரெண்டும் உண்டு, அப்பப்போ புள்ளிமானும் வருமாம். ஹன்டர் எஜுகேஷன் முடிச்சாச்சு. ரூகர் அமெரிக்கன் ரைஃபிள், .308 அளவு, வாங்கியிருக்கேன். தோட்டா வாங்கப் போனாதான் தலை சுத்துது. குண்டு எடையே 150 கிரெய்ன், 165, 168, 180. சாஃப்ட் பாயின்ட், பிளாஸ்டிக் முனை, பாண்டட், முழுச் செம்பு. மறைஞ்சு உட்கார்ற பிளைண்டிலிருந்து தீனி போடற ஃபீடர் 110 கஜம்தான். மானுக்குத் தனி, பன்றிக்குத் தனின்னு வாங்கணுமா? ரேஞ்சுக்கு வாங்கின 147 கிரெய்ன் எஃப்எம்ஜே (முழு உறைக் குண்டு) நாலு பெட்டி மிச்சம் இருக்கு. பன்றிக்கு அதையே போட்டா என்ன?

கெர்வில்_கிழவன்:
தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில். எஃப்எம்ஜே வேண்டாம். அது விரியாது. சின்னதா ஒரு ஓட்டை போட்டுட்டு அந்தப் பக்கம் போயிடும். பன்றி ஓடிப் போய் எங்கேயோ மெஸ்கீட் புதருக்குள்ள மணிக்கணக்கா கிடந்து சாகும். பன்றிதானேன்னு அதுக்கு மட்டும் மட்டமான குண்டு போடறவங்க இங்க நிறைய. எனக்கு அது பிடிக்காது. அந்த 168 கிரெய்ன் மேட்ச் குண்டையும் தொடாதீங்க. மூக்குல ஓட்டை இருக்கேன்னு நம்பிடக் கூடாது, அது விரியறதுக்காக வச்ச ஓட்டை இல்லை. பேப்பர்ல குறி அடிக்கச் செஞ்ச சரக்கு.

அடுத்து, கிரெய்னைப் பத்திக் கவலைப்படாதீங்க. 110 கஜத்துல 150-க்கும் 165-க்கும் மானுக்கு வித்தியாசம் தெரியாது. குண்டு எப்படிக் கட்டியிருக்குன்னு பாருங்க. சாதாரண சாஃப்ட் பாயின்ட்டுல உள்ள ஈயம், மேல செம்புக் கலவை உறை, மூக்குல மட்டும் ஈயம் வெளிய தெரியும். பட்டதும் மூக்கு மடங்கி விரியும். ரெமிங்டன் கோர்-லாக்ட் குண்டு 1939-லேர்ந்து இதைத்தான் செய்யுது. லானோ இருக்கிற இந்த ஹில் கன்ட்ரிப் பக்கத்து மான் சின்ன உடம்பு. அதுக்கு இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்.

பன்றிதான் வேற கணக்கு. வயசான ஆண் பன்றியைத் தோலுரிச்சுப் பார்த்திருந்தா தெரியும். தோள்பட்டை மேல தோலுக்கு அடியில வெள்ளையா ஒரு தகடு, பழைய லாரி டயர் கணக்கா. நல்லாத் தீட்டின கத்தியே அதுல வழுக்கும். போன வருஷம் ஒண்ணை உரிக்கும்போது அந்தத் தகட்டுக்குள்ளேயே எவனோ எப்பவோ சுட்ட சின்னக் குண்டு ஒண்ணு கிடந்தது. சுத்தி சதை மூடி, புண் ஆறி, பன்றி பாட்டுக்கு மேஞ்சிட்டிருந்திருக்கு. அது .22 ஆத்தான் இருக்கும், .308-ஐ அந்தத் தகடு நிறுத்தாது. ஆனா சீக்கிரம் உடையற குண்டா இருந்தா, தகட்டையும் எலும்பையும் தாண்டறதுக்குள்ள பாதி கரைஞ்சு, அந்தப் பக்கம் வெளிய வராது. வெளிய வரணும் தம்பி. பன்றிக்குக் கொழுப்பும் மயிரும் சேர்ந்து ஓட்டையை அடைச்சிடும், ரத்தத்தடம் விழாது. ரெண்டு ஓட்டை இருந்தா, அதுவும் ஒண்ணு கீழ்வாட்டுல இருந்தா, டார்ச் அடிச்சுத் தேடறவனுக்குப் புண்ணியம்.

அதனால ஒரே பெட்டிதான்னா பாண்டட், அதாவது ஈயமும் உறையும் பிரியாம ஒட்டின குண்டு, வாங்குங்க. ஃபெடரல் கம்பெனியோட ஃபியூஷன் 165. ஈயத்து மேல செம்பை மின்முலாமா ஏத்தியிருப்பாங்க, உறை தனியாக் கழண்டு வராது. அக்யூபாண்டும் நல்லது, ஆனா விலை. எஸ்எஸ்டி, பாலிஸ்டிக் டிப் மாதிரி பிளாஸ்டிக் முனைக் குண்டெல்லாம் தூரத்துல அருமை. 40 கஜத்துல மான் தோள்ல பட்டா அந்தப் பக்கத்துக் கறி முழுக்க ரத்தம் கட்டிப் போயிடும், பாதியை வெட்டி எறியணும்.

எங்க சுடறதுங்கறதும் மாறும். மானுக்கு முன்னங்காலுக்குக் கொஞ்சம் பின்னாடி. பன்றிக்கு அங்க சுட்டா ஈரலும் குடலும்தான். அதுக்கு இதயமும் நுரையீரலும் முன்னாடி, கீழ இருக்கு. முன்னங்கால் நேர்மேல, உடம்போட கீழ் மூணுல ஒரு பங்கு. நான் பாண்டட் சொல்றதே இதுக்குத்தான், அங்க அடிச்சா எலும்பு நிச்சயம்.

கையுறை இல்லாம பன்றியை அறுக்காதீங்க, புரூசெல்லா கிருமி இருக்கலாம். கறியை 160 டிகிரி ஃபாரன்ஹீட் வரை வேக வைங்க.

விசா_வாத்தியார்:
கிழவன் அண்ணன் சொன்ன எதையும் மறுக்கல. ஒண்ணே ஒண்ணு. தம்பி எச்1பி (வேலை விசா) ஆளா? டெக்சஸில் தனியார் நிலத்துல, உரிமையாளர் சம்மதத்தோட பன்றி சுட 2019 செப்டம்பரிலிருந்து ஹன்டிங் லைசென்ஸ் தேவையில்லை. அதை நம்பி லைசென்ஸ் எடுக்காம விட்டுடாதீங்க. எச்1பி மாதிரி விசாவில் இருக்கிறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கக் கூடாதுன்னு ஃபெடரல் சட்டம். நம்மள மாதிரி ஆளுக்கு உதவற விதிவிலக்கு, செல்லுபடியாகிற ஹன்டிங் லைசென்ஸ்தான். அது வருஷா வருஷம் ஆகஸ்ட் 31-ஓட முடிஞ்சிடும், ஆனா துப்பாக்கி வீட்டு அலமாரியிலேயே இருக்கும், அப்போ சட்டத்தை மீறினதா ஆயிடும். புரியுதுல்ல? கிரீன் கார்டுன்னா இந்தத் தலைவலி இல்லை. புள்ளிமானுக்கு சீசன் கிடையாது, லைசென்ஸ் மட்டும் வேணும். நம்ம ஊர்ல அதைத் தொட்டா ஜெயில், இங்க 1932-ல கொண்டு வந்து விட்டது பெருகிப் போய் வருஷம் பூரா சுடறாங்க.

சாக்ரமெண்டோ_அக்கா:
நான் கலிஃபோர்னியா. இங்க 2019 ஜூலை 1-லேர்ந்து எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது, அதனால பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ்ங்கற முழுச் செம்புக் குண்டுதான் போடறேன். தம்பி வீட்டுல குழந்தைங்க அந்தக் கறியைச் சாப்பிடப் போறாங்கன்னா யோசிங்க. ஈயம் உடைஞ்சு சிதறினா கண்ணுக்குத் தெரியாத துணுக்கு காயத்தைச் சுத்தி ரொம்ப தூரம் போகும், எக்ஸ்ரேயில தெரியும். செம்பு நாலு இதழா விரியும், எடை குறையாது, பன்றித் தோளையும் கடந்து போகும். ஆனா வேகம் வேணும், மெதுவாப் பட்டா விரியாது. அதனால எடையை ஒரு படி குறைச்சு 130 கிரெய்ன் எடுங்க.

ஃபிரிஸ்கோ_புதுசு:
எச்1பி-தான் அண்ணா, லைசென்ஸ் இன்னிக்கே எடுத்துடறேன். ரெண்டரை வயசுப் பொண்ணு இருக்கா, அக்கா சொன்னது உறுத்துது. கிழவன் அண்ணா, செம்பு ஓகேவா?

கெர்வில்_கிழவன்:
தாராளமா. அக்கா சொன்னது சரி, 110 கஜத்துல வேகத்துக்குக் குறைவில்லை. ஆனா உங்க துப்பாக்கிக்கு அது பிடிக்குதான்னு பார்க்கணும். ஃபியூஷன் ஒரு பெட்டி, டிடிஎஸ்எக்ஸ் ஒரு பெட்டி வாங்கி, குழலை நல்லாச் சுத்தம் பண்ணிட்டு, 100 கஜத்துல மூணு மூணாச் சுட்டுப் பாருங்க. குழல் ஆறவிட்டுச் சுடுங்க. எதோட மூணு ஓட்டையும் ஒன்றரை அங்குலத்துக்குள்ள விழுதோ அதுல, அதே லாட் நம்பர்ல (ஒரே தயாரிப்புத் தொகுதி), இன்னும் ரெண்டு பெட்டி வாங்குங்க. நவம்பர் முதல் சனிக்கிழமை சீசன் திறக்குது. அக்டோபர் கடைசியில கடைக்குப் போனா அலமாரியில 180 மட்டும்தான் மிச்சம் இருக்கும்.