புதுப்பிப்பு: பிரிட்டிஷ் கெட்டிலும் போலந்து சாக்கெட்டும்

பிரிட்டனிலிருந்து போலந்துக்குக் குடிபோகிறவர்கள் மூன்று முள் பிளக் சாமான்களைத் தாராளமாகக் கொண்டுபோகலாம், இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், ஒரு அடாப்டர் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். கடைசி வார்த்தையைத் திருத்துகிறேன். எந்த அடாப்டரானாலும் போதும் என்று இல்லை.

போலந்தில் எர்த் முள் சாக்கெட்டிலிருந்தே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அடாப்டரில் அதற்கான துளையும், துளைக்குள் உலோகத் தொடர்பும் இருக்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக் துளை என்றாலும் தண்ணீர் கொதிக்கும். எர்த் மட்டும் சேராது. உள்ளே கரண்ட் கசிந்தால் கெட்டிலின் ஸ்டீல் உடம்பைத் தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கும். தயவுசெய்து வாங்கும் முன் துளைக்குள் பாருங்கள். பிரிட்டிஷ் பிளக்கை உள்ளே வைத்து மூடிவிடும், ஃபியூஸ் உள்ள கன்வெர்ட்டர் பிளக்தான் நல்லது. அதில் எழுதியிருக்கும் ஆம்பியரையும் படியுங்கள்.

அடுத்தது லோடு. 3000 வாட் கெட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட் லைன் பெரும்பாலும் 16 ஆம்பியர். வாஷிங் மெஷின் அதே லைனில் தண்ணீரைச் சூடாக்கும்போது கெட்டிலைப் போட்டால் டிரிப் ஆகும். 10 ஆம்பியர் லைன் உள்ள பழைய வீட்டில் எல்லை 2300 வாட். அங்கே உள்ளூர்க் கெட்டிலே வாங்கிவிடலாம்.

மானிட்டர் போலக் கழற்றக்கூடிய ஒயர் உள்ளவற்றுக்கு அடாப்டரே வேண்டாம், போலந்து ஒயர் வாங்கினால் போதும்.

பல பழைய அடுக்குமாடிகளில் இரண்டே அலுமினிய ஒயர் ஓடும், எர்த்துக்குத் தனி ஒயர் இருக்காது. எர்த் முள்ளை நியூட்ரலோடு இணைத்திருப்பார்கள், சில அறைகளில் முள்ளே இருக்காது. அந்த சாக்கெட்டில் கெட்டில், இஸ்திரிப்பெட்டி போடாதீர்கள். முதலில் எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.