பொண்ணு கேனரிக்கு வயித்துல முடியே இல்ல, நோயா?

மஞ்சள்சிட்டு:
எங்கிட்ட ஒரே ஒரு பொண்ணு கேனரிக் குருவி, ஜோடி கிடையாது. பத்து நாளா கூண்டுல விரிச்ச பேப்பரைக் கிழிச்சு வாயில வச்சுக்கிட்டே சுத்துச்சு, பாவமா இருக்குன்னு தேங்காநாரு போட்டேன், அத்தனையும் கொண்டுபோய் தீவனக் கிண்ணத்துல திணிச்சுருச்சு. இப்ப நாரைத் தொடவே மாட்டேங்குது, உதிர்ந்த இறகை மட்டும் பொறுக்குது. நேத்து கையில பிடிச்சுப் பாத்தா அடிவயித்துல முடியே இல்ல, தோல் செவசெவன்னு கிடக்கு. கடைக்காரர் பூச்சி ஸ்ப்ரே அடிக்கச் சொல்றார். அடிக்கலாமா?

பெரம்பூர் கூண்டு:
வேணாம் ப்ரோ, அது அடைகாக்க ரெடியாகுது. ஈஸ்ட்ரோஜன், ப்ரோலாக்டின்னு ரெண்டு ஹார்மோனும் சேர்ந்தா வயித்து முடி தானா உதிரும், தோலுக்கு ரத்தம் ஜாஸ்தி ஓடும், முட்டைக்கு நேரா சூடு போகணும்ல. 1960கள்ல கேம்பிரிட்ஜ்ல ராபர்ட் ஹைண்ட்னு ஒரு விஞ்ஞானி கேனரிய வச்சுத்தான் இதெல்லாம் ஆராய்ச்சி பண்ணாரு. நீங்க சொன்ன நார் கதையும் அதுல உண்டு: மொதல்ல புல்லு நாரு எடுக்கும், முடி போன வயித்துல கூடு உரசுறது நல்லா உறைக்கும், அப்புறம் மெத்துன்னு இறகைத்தான் தேடும். ராத்திரி எத்தனை மணி வரை லைட் எரியுது? பக்கத்துல ஆண் கேனரி ஏதாவது பாடுதா?

மஞ்சள்சிட்டு:
பையனுக்கு பப்ளிக் எக்ஸாம், பதினோரு மணி வரை ட்யூப்லைட், கூண்டும் அதே ரூம்லதான். எதிர் ஃப்ளாட்ல ஒரு ஆண் இருக்கு, விடிஞ்சதும் ஆரம்பிச்சா நிறுத்தாது, இது தலையைச் சாய்ச்சு அதையே கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கும்.

பெரம்பூர் கூண்டு:
அப்ப ரெண்டும் சேர்ந்துருச்சு. சென்னைல வருஷம் பூரா பகல் நேரம் பெருசா மாறாது, ஆனா உங்க ட்யூப்லைட் அதுக்கு 17 மணி நேரப் பகல் காட்டுது, மூளை அதை இனப்பெருக்க சீசன்னு எடுத்துக்கும், மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி சூல்பைய உசுப்பும், அங்கேர்ந்துதான் ஈஸ்ட்ரோஜன் வருது. பாட்டையும் லேசா நினைக்காதீங்க, 1976ல டொனால்ட் க்ரூட்ஸ்மான்னு ஒரு பறவை ஆராய்ச்சியாளர் டேப்ல வெறும் பாட்டு மட்டும் போட்டுப் பாத்தாரு, வகைவகையான பாட்டைக் கேட்ட பொண்ணுங்க வேகமா கூடு கட்டுச்சு, முட்டையும் அதிகமா போட்டுச்சு.

கூட்டுக்காரி:
தம்பி, ஆண் இல்லாமலே முட்டை போடும், குஞ்சு வராது அவ்ளோதான். போட்டா உடனே எடுத்துராதீங்க, எடுத்தா மறுபடி போட்டு போட்டு உடம்புல கால்சியம் காலியாயிரும், ரெண்டு வாரம் உக்காரட்டும், தானா விட்டுரும். கால்சியத்துக்குக் கடல் நுரை, அதான் கணவாய் ஓடு, ஒண்ணு கம்பியில மாட்டி வைங்க. பூச்சி சந்தேகம் போகலன்னா ராத்திரி கூண்டு மேல வெள்ளைத் துணி போடுங்க, இருந்தா காலைல துணியில சிவப்புப் புள்ளியா ஊரும். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, தரையில உப்பிக்கிட்டு உக்காந்து முக்குச்சுன்னா முட்டை மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம், அந்த நேரமே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க. எங்கிட்ட இருந்தது அப்படித்தான் உக்காந்திருந்துச்சு, காலைல பாத்துக்கலாம்னு விட்டேன், விடியறதுக்குள்ள போயிருச்சு, இன்னும் மனசு ஆறல.

மஞ்சள்சிட்டு:
அக்கா, துணி சுத்தமா இருந்துச்சு. இன்னைக்குக் காலைல கிண்ணத்துக்குள்ள ஒரு முட்டை, வெளிறிய நீலம், ஒரு பக்கம் மட்டும் செம்புள்ளி. நல்லா சாப்பிடுது. கூண்டை பின் ரூமுக்கு மாத்திட்டேன், அங்க பொழுது சாஞ்சா இருட்டுதான். அந்தக் கிண்ணத்தை அதுக்கே விட்டுட்டு தீவனத்துக்கு வேற வாங்கியிருக்கேன்.